எல்லாக் கவுண்டியிலும் ஒரு குறை

ஜனவரி 7, ஞாயிறு

இந்த வருஷமாவது டைரியை விடாமல் எழுத வேண்டும். போன வருஷ டைரி பொங்கலைக்கூடப் பார்க்கவில்லை.

காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது இவர் பேச்சை ஆரம்பித்தார். ஜூன் கடைசியில் வீட்டு அக்ரிமென்ட் முடிகிறது. இந்த ஒற்றை அறை அபார்ட்மென்டைக் காலி செய்துவிட்டு, நல்ல பள்ளிக்கூடம் இருக்கிற கவுண்டியாகப் பார்த்து வீடு எடுப்போம், ஊரிலிருந்து மகள் தளிரைக் கூட்டி வந்துவிடுவோம் என்றார். தோசை கருகிவிட்டது. நான் அதையே சாப்பிட்டேன்.

கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி. இங்கே அமெரிக்காவில் அரசுப் பள்ளிக்கூடத்துக்குக் காசு கிடையாது. ஆனால் வீடு எந்தக் கவுண்டியிலோ அந்தக் கவுண்டிப் பள்ளிக்கூடம்தான். அதனால் வீடு பார்க்கிற தமிழ்க் குடும்பம் எதுவும் முதலில் சமையலறையைப் பார்ப்பதில்லை, பள்ளிக்கூடத்து மார்க்கைத்தான் பார்க்கிறது. மாநிலக் கல்வித்துறை ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு பட்டியல் போட்டு இணையத்தில் வைத்திருக்கிறது. எத்தனை பிள்ளைகள் ஒழுங்காக வாசிக்கிறார்கள், ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளைகள், எத்தனை பேர் அடிக்கடி மட்டம் போடுகிறார்கள், எல்லாம் இருக்கிறது.

பட்டியலைப் பார்த்து முடிவு செய்வது என் பொறுப்பு. நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவர் கட்டியதில் குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். இவரால் பாலில் விழுந்த ஈயைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

தளிருக்கு வருகிற செப்டம்பர் பதினாலாம் தேதி ஐந்து வயது முடிகிறது.

ஜனவரி 20, சனி

ஆஷ்மோர் கவுண்டி. வாசிப்பில் மாநிலத்திலேயே முன்வரிசை. இவர் குதித்தார். நான் அடுத்த கட்டத்தைக் காட்டினேன். ஒரு வகுப்புக்கு இருபத்தேழு பிள்ளைகள். இருபத்தேழு பேருக்கு நடுவில் தளிர் தண்ணீர் கேட்டால் யார் காதில் விழும்? அவள் சத்தமாகப் பேசுகிற பிள்ளை இல்லை. அதாவது, என்னிடம் சத்தமாகப் பேசுகிற பிள்ளை இல்லை.

ஆஷ்மோர் வேண்டாம்.

ஜனவரி 28, ஞாயிறு

ஞாயிறு காலை எங்களுக்கு, ஊரில் இருப்பவர்களுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். வாரா வாரம் இந்த ஒரு வீடியோ கால். இன்று மாவு பூசிய கையோடே ஓடி வந்து உட்கார்ந்தேன்.

இந்த டைரியை என்றைக்காவது தளிர் படித்தால் அவளுக்குத் தெரியட்டும் என்று எழுதி வைக்கிறேன். அவள் பிறந்தது இங்கேதான். பிரசவத்துக்குத் துணையாகக் கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்தவர் இவருடைய அண்ணன் மனைவி பூங்கோதை அக்கா. அவர் திரும்பும்போது ஐந்து மாதக் குழந்தையையும் கூட்டிப் போனார். எனக்குப் புது வேலை, இவருக்கு இரவு ஷிஃப்ட். ஆறு மாதம் அக்கா பார்த்துக்கொள்ளட்டும் என்று எல்லோரும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். இங்கே நிறையப் பேர் செய்கிற காரியம்தான். அடுத்த மாதமே கொரோனா வந்து உலகத்தை மூடிவிட்டது. அப்புறம் எங்கள் விசாச் சிக்கல். அப்புறம் இவருக்கு வேலை போய், வேறு வேலை. எல்லாமே நிஜமான காரணங்கள்.

நடுவில் ஒரு தடவை மூன்று வாரம் ஊருக்குப் போனோம். தளிர் என் மடியில் உட்காரவில்லை. அவளுக்கு அப்போது சளி.

இன்று அவள் தலைக்குக் குளித்திருந்தாள். முடி காதோரம் சுருண்டு ஒட்டியிருந்தது. திரையில் அந்த இடத்தில் விரலை வைத்தேன். வீடியோ கால் கட்டாகிவிட்டது.

பிப்ரவரி 10, சனி

பிராண்டல் கவுண்டி. அடிக்கடி மட்டம் போடும் பிள்ளைகள் நூற்றுக்குப் பதினெட்டு. வேண்டாம். துணி துவைத்தேன். குளிருக்கு இட்லி மாவு பொங்கவே இல்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

தளிர் கையைக் கட்டிக்கொண்டு நின்று ஒப்பிக்கிறாள். போன மாதத்திலிருந்து இதே கூத்து. ஆங்கில எழுத்து முடிந்தால் கிழமைகள், கிழமை முடிந்தால் மாதங்கள், அப்புறம் நூறிலிருந்து தலைகீழாக. நடுவில் நான், என்ன சாமி சாப்பிட்டாய் என்று கேட்டால், "இட்லிங்க" என்று ஒரு வார்த்தை. மறுபடி தொண்ணூற்றேழு, தொண்ணூற்றாறு.

இவர் கைதட்டுகிறார். எனக்கு எரிச்சலாக வருகிறது. எனக்கு வேண்டியது அவள் என்ன கனவு கண்டாள், யாரோடு சண்டை போட்டாள், எந்தப் பாவாடை பிடிக்கும் என்பது. அக்காவுக்கு, பிள்ளையை எப்படி வளர்த்திருக்கிறேன் பார் என்று காட்டவேண்டும் போல. காட்டட்டும். நன்றாகத்தான் வளர்த்திருக்கிறார். அதையும் எழுதிவிடுகிறேன்.

மார்ச் 8, வெள்ளி

அரை நாள் லீவு போட்டு டார்ன்லி கவுண்டிக்குப் போனேன். பட்டியலில் எல்லாமே சுமாருக்கு மேல். வகுப்புக்குப் பதினெட்டுப் பிள்ளைகள். நேரில் பார்த்தால் ஏதாவது தெரியும் என்று ஒரு தொடக்கப் பள்ளி எதிரே காரை நிறுத்தினேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. மணி அடித்ததும் சின்ன வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு மஞ்சள் மழைக்கோட்டுப் பிள்ளை அவள் அம்மாவைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டு ஓடி வந்தாள். அந்த அம்மா ஃபோனில் பேசிக்கொண்டே, பார்க்காமலேயே, ஒரு கையால் அவளை அணைத்துக்கொண்டாள். ஓடி வருவாள் என்று அவளுக்குத் தெரியும், அதனால் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

வரும் வழியில் கடையில் அதே மாதிரி மழைக்கோட்டு இருந்தது. என்ன அளவு எடுப்பது என்று தெரியவில்லை. கோபியில் அது நடுராத்திரி, அக்காவை எழுப்பிக் கேட்க முடியாது. வாங்காமல் வந்துவிட்டேன்.

டார்ன்லியில் பள்ளி விடும் நேரத்தில் டிராஃபிக் மோசம். இவரிடம் அதைச் சொன்னேன்.

மார்ச் 24, ஞாயிறு

இவர் ஒரு விஷயம் கண்டுபிடித்திருக்கிறார். ஈ கண்ணில் படாத மனிதர், இது பட்டுவிட்டது. இந்த மாநிலத்தில் பள்ளியில் சேர எந்தத் தேதிக்குள் ஐந்து வயது முடிய வேண்டும் என்பதை ஒவ்வொரு கவுண்டியும் தனித்தனியாக முடிவு செய்கிறது. ஆஷ்மோரில் செப்டம்பர் ஒன்று. டார்ன்லியில் செப்டம்பர் முப்பது. தளிர் பிறந்த நாள் நட்டநடுவில் விழுகிறது. டார்ன்லிக்குப் போனால் இந்த ஆகஸ்டிலேயே பள்ளியில் சேர்க்கலாம். ஆஷ்மோருக்குப் போனால் அடுத்த வருஷம்தான்.

அப்ப டார்ன்லிதான், பேச்சே இல்லை என்றார்.

நான் ஆஷ்மோர் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவசரப்பட்டு ஒதுக்கிவிட்டேனோ என்று தோன்றுகிறது. வாசிப்பு அவ்வளவு நன்றாக இருக்கிறது. இருபத்தேழு பிள்ளைகள் என்றாலும் உதவி டீச்சர் ஒருவர் இருக்கிறாராம். பெரிய வயதில் சேர்ந்தால் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை கூடும் என்றும் எங்கோ படித்தேன். எங்கே என்று ஞாபகமில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

தமிழ்ப் புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடி செய்தேன். இந்த ஊர் மாங்காய்க்குப் புளிப்பே கிடையாது.

கால் எடுத்ததும் தளிர் முகம் தெரியவில்லை, கூரையும் மின்விசிறியும்தான் தெரிந்தன. குரல் மட்டும் கேட்டது. யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம், "இரு, போனம்மா கூப்புடறாங்க, பேசீட்டு வந்தர்றேன்" என்றாள். அக்கா பின்னாலிருந்து, அப்படிச் சொல்லக் கூடாது கண்ணு என்று அடக்கினார். தளிர் அக்காவைக் கூப்பிடுவது 'அம்மா'. முன்பு பெரியம்மாவாக இருந்தது. 'பெரி' எப்போது உதிர்ந்தது என்று எனக்குத் தெரியாது.

ஃபோனில் வருகிற அம்மா, ஃபோனம்மா. கோபியில் யார் 'ஃ' போட்டுச் சொல்கிறார்கள், எல்லோருக்கும் போன்தான். இப்படி இவருக்கு விளக்கினேன். இவர் விளக்கம் கேட்கவில்லை. நானும் போனப்பாதான் என்று சிரித்தார். அந்த வார்த்தை, போன அம்மா என்றும் காதில் விழும். அதை இரண்டு பேரும் சொல்லவில்லை.

பிறகு தளிர் ஒப்பித்தாள். இன்று நிறங்களும் சேர்ந்திருந்தன.

மதியம் முழுக்கக் கவுண்டிப் பட்டியல் பார்த்தேன். வடக்கே இன்னும் நான்கு கவுண்டிகள் பாக்கி இருக்கின்றன.

ஏப்ரல் 27, சனி

டார்ன்லியில் ஒரு டவுன்ஹவுஸ் வாடகைக்கு வந்தது. இரண்டு படுக்கையறை, பள்ளிக்கு நடந்தே போகலாம். இவர் அட்வான்ஸ் கொடுக்கத் தயாராக நின்றார். நான், அந்தப் பள்ளியில் போன வருஷம் கணக்கு மார்க் இரண்டு புள்ளி இறங்கியிருக்கிறது, ஏன் என்று தெரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது என்றேன்.

இவர் குரல் உயர்த்துகிற ஆள் இல்லை. இன்றும் உயர்த்தவில்லை.

"நீ பள்ளிக்கூடம் தேடல மங்கை. சாக்குத் தேடற."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யாருக்குச் சாக்கு வேண்டும்? வாரம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைக்காக உயிரைப் பிடித்துக்கொண்டு இருப்பவள் நான். அவளுடைய ஐந்து மாதத்துச் சட்டையைத் துவைக்காமல் வைத்திருப்பவள் நான். வாசனை எப்போதோ போய்விட்டது, ஆனாலும் துவைக்கவில்லை. என்னைப் பார்த்துச் சாக்கா? கேட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்த வீட்டை வேறு யாரோ எடுத்துவிட்டார்களாம்.

ஏப்ரல் 29, திங்கள்

இன்னும் பேசவில்லை. ரசம் வைத்து என் பக்கமாக நகர்த்தினார். சாப்பிட்டேன். உப்பு இல்லை, சொல்லவில்லை.

மே 16, வியாழன்

ஆபீஸுக்குக் கிளம்பும்போது அக்காவிடமிருந்து ஃபோன். ஞாயிறு தவிர அவர் கூப்பிட்டதே இல்லை. தளிருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போய் எடுத்தேன். ஒன்றுமில்லை, கடையில் ஆளில்லாத நேரம், அதான் கூப்பிட்டேன் என்றார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அவருக்கு ஜெராக்ஸ் கடை. மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

ஜூனில் பள்ளி திறக்கிறது, யு.கே.ஜி.க்குச் சேர்க்கட்டுமா வேண்டாமா என்று கேட்டார். பார்த்துக்கொண்டிருக்கிறோம் அக்கா, இன்னும் சரியாக அமையவில்லை என்றேன். இரண்டு வருஷமாக நான் சொல்கிற அதே வாக்கியம். மெஷினை நிறுத்திவிட்டு அவர் சொன்னார்.

"அம்மிணி, நாங் கேக்கறேன்னு தப்பா நெனைக்காத. எப்ப அமெரிக்கா போறதுன்னு இவ கேக்கறப்பல்லாம், பள்ளிக்கூடம் கெடைக்கட்டும் கண்ணுன்னு நாஞ் சொல்லீட்டிருந்தேன். இவ என்ன நெனச்சுட்டா தெரியுமா? இவ சரியாப் படிக்கறதில்லையாம். அதனால எந்தப் பள்ளிக்கூடமும் இவளை வேண்டாங்குதாம். நேத்துக் கடையில வந்து நின்னு அழுவறா. இன்னும் எவ்வளவு படிச்சா என்னயச் சேத்துக்குவாங்கன்னு கேக்கறா."

நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். அதைக் கழற்றி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் ஒப்பிப்பதற்காகச் சனிக்கிழமை முழுக்கப் படிக்கிறாளாம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையாம். நாங்கள்தான் அங்கிருந்து பரீட்சை வைக்கிறோம், தேறினால் கூப்பிட்டுக்கொள்வோம் என்று அவளாக முடிவு செய்திருக்கிறாள். நான் ஒவ்வொரு ஞாயிறும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். அவள் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரத்துக்கு நிறங்களையும் சேர்த்துப் படித்திருக்கிறாள்.

அக்கா கடைசியாகச் சொன்னது இது: "எனக்கொண்ணும் அவசரமில்ல. அவ இருந்தா எனக்குச் சந்தோசந்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா புள்ளைக்கு ஒரு தேதி சொல்லீரு. தேதி தெரிஞ்சாத்தான் நானும் மனசத் தேத்திக்க முடியும்."

ஆபீஸுக்குப் போகவில்லை.

அதே நாள், மதியம்

எந்தக் கவுண்டியும் என் பிள்ளையை வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் வேண்டாம் என்றவள் நான். இவர் சொன்னது சரி. அதை எழுதவே கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

அவள் வேண்டும் எனக்கு. வயிறு காந்துகிற மாதிரி வேண்டும். ஆனால் அவள் வந்து, இந்த வீட்டில் நின்று, என்னைப் பார்த்து, அம்மாகிட்டப் போகணும் என்று அழுதால் என்ன செய்வேன்? ஃபோனில் இருக்கும்வரை அவள் என் மகள். நேரில் வந்தால் அவளுக்கு நான் அம்மா இல்லை என்பது தெரிந்துபோகும். வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள் என்பதற்குக் கட்டம் இருக்கிறது, இதற்குப் பட்டியலில் கட்டம் இல்லை.

இவர் வேலை முடிந்து வந்ததும் சொல்லப் போகிறேன்.

மே 18, சனி

டார்ன்லியில் வேறு வீடு. சமையலறை சின்னது, பள்ளிக்கு பஸ்ஸில்தான் போக வேண்டும். கையெழுத்துப் போட்டாயிற்று. கணக்கு மார்க்கைப் பார்க்கவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

பள்ளி அலுவலகத்துக்கு ஃபோன் செய்து தளிரின் பெயரைப் பதிவு செய்தேன். எடுத்தது வயதான பெண்மணி, குரல் அப்படி இருந்தது. வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்றார். தமிழ் என்றேன். எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். பிள்ளைக்கு எதற்காவது பயம் உண்டா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இருட்டு என்று சொல்லி வைத்தேன், எல்லாப் பிள்ளைகளுக்கும் இருட்டு பயம்தானே. கடைசியில், உங்கள் மகள் எங்களிடம் வருவதில் எங்களுக்கு மிகவும் மகிழ்ச்சி என்றார். எல்லோரிடமும் சொல்வதுதான். சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். சொன்னார்.

ஜூன் 16, ஞாயிறு

வீடியோ கால். அவள் கையைக் கட்டுவதற்குள் நான் முந்திக்கொண்டேன். இன்றைக்கு ஒப்பிக்க வேண்டாம் சாமி, பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டது, நானே வந்து கூட்டிப் போகிறேன் என்றேன். அவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா தலையாட்டினார். அப்புறம்தான் சிரித்தாள்.

எதற்குப் பயம் என்று கேட்டேன். நிறைய யோசித்துவிட்டு, குக்கர் விசில் என்றாள். அதன் பிறகு நான் கேட்காமலேயே பக்கத்து வீட்டுப் பிள்ளை ரப்பரைத் திருடிய கதையைச் சொன்னாள். நீளமான கதை. பாதி புரியவில்லை. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஜூலை 20, சனி. கோபி.

முந்தாநாள் வந்து சேர்ந்தேன். இவருக்கு லீவு கிடைக்கவில்லை, நான் மட்டும். தளிர் படத்தில் தெரிவதைவிட ஒல்லி. இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு, யாரும் எனக்குச் சொல்லாதது. முதல் நாள் கிட்டே வரவில்லை. நேற்று என் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தாள், திருப்பி வைக்கவில்லை. இன்று காலை நான் தலை வாரிவிடட்டுமா என்று கேட்டதற்குச் சரி என்று முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கழுத்தின் பின்புறம் வேர்த்திருந்தது. வாரி முடித்த பிறகும் விடாமல் வாரிக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் மூவரும் சமையலறையில் இருந்தோம். அக்கா அமெரிக்காவுக்குக் கொடுத்துவிட முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். தளிரை மடியருகே இழுத்து, இரண்டு மாதமாகச் சொல்ல வேண்டியிருந்ததைச் சொன்னேன். உன்னை எந்தப் பள்ளிக்கூடமும் வேண்டாம் என்று சொல்லவே இல்லை சாமி, நீ நன்றாகத்தான் படித்தாய். அம்மாதான் பயந்துகொண்டு தாமதம் செய்துவிட்டேன். இப்போது ஒரு டீச்சர் உனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்.

அவள் கவனமாகக் கேட்டாள். ஒரு முறுக்கைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

"எனக்குக் கெடச்சிருச்சு. அம்மாக்கு எந்தப் பள்ளிக்கூடங்க?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அமெரிக்கா போவதற்குப் பள்ளிக்கூடம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அவளுக்குக் கிடைத்துவிட்டது. இனி அக்காவுக்குப் பார்க்க வேண்டும். அக்கா வராமல் இருப்பார் என்பது அவள் நினைப்பிலேயே இல்லை. இத்தனை மாதமும் அவள் படித்தது இரண்டு பேர் போவதற்காக.

அக்கா எண்ணெயைப் பார்த்தபடியே முறுக்கைத் திருப்பினார். அடுப்பைக் குறைத்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"எனக்கு வயசு மிஞ்சிப்போச்சு கண்ணு. என்னயச் சேத்துக்க மாட்டாங்க."

தளிர் அதை நம்பவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களை எல்லாம் பார்த்தவள் நான்தானே.

"அப்படீங்களாம்மா?"

ஃபோனில் இல்லாமல், நேரில், அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டது அப்போதுதான். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.